பனியாற்றுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

நான் இமயமலைக்கு வரமாட்டேன் என்ற செய்தியை எனக்குச் சொன்னவன் இமயமலையில் இருக்கிறவன்.

கோவேறு கழுதைகள் வைத்திருப்பவன். என்னையும் என் தோஸ்த் பாயையும் ஒரு பனியாற்றுக்குக் கூட்டிப்போவதாகப் பேசி முடித்திருந்த வழிகாட்டி. அவன் ஊரில் போன் மணி வீட்டிலேயே அடிக்கும், ஆனால் பேச வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறி நின்று ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டான். "அங்கிள்ஜி, இப்போ உடம்பு தேவலையா?" என்று இந்தியில் கேட்டான். என் உடம்புக்கு என்ன என்றேன். "உங்க மகன் போன் பண்ணாரே. உங்களால நடக்க முடியாது, இனிமே வரவே மாட்டீங்கன்னு சொன்னாரே."

அப்போது நான் ஆம்பூரில் என் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நான் கட்டிய கம்பெனி. உள்ளே, நான் வாங்கிப் போட்ட நாற்காலியில், என் மகன் உட்கார்ந்திருந்தான்.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதுங்களேன் என்று என் மனைவி சொன்னாள். அடங்கிவிட்டால் எதற்கு எழுதுவது?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஏதோ பொழுது போகாத கிழவன் ஆசைப்பட்டான் என்று நினைப்பீர்கள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அவருக்குப் பின்னால் நானும் இறங்கினேன். மீசை முளைத்த பிறகுதான் என் காலுக்குச் செருப்பு வந்தது. தொட்டியிலிருந்து, தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்முக்குப் போனேன். டிரம்மிலிருந்து தோலைத் தரம் பிரிக்கிற மேஜைக்கு. அங்கிருந்து வாடகைக் கொட்டகையில் நாலு தையல் மிஷின். நாலு மிஷினிலிருந்து இன்றைக்கு இருக்கிற கம்பெனி. எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. அன்றைக்கு பேங்க் மேனேஜர் என்னை வாசலோடு அனுப்பினார். இன்றைக்கு அதே பேங்கின் மேனேஜர் கிறிஸ்துமஸுக்கு கேக் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார். நான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுக்கிறேன். எனக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம்.

நாங்கள் தைப்பது மலை ஏறுகிறவர்கள் போடும் பூட்ஸ். ஜெர்மனியில் எவனாவது பனியில் நடந்தால் அவன் காலில் இருப்பது நான் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தோலாக இருக்கலாம். ஆளைப் பார்த்தால் நான் முகத்தைப் பார்க்கமாட்டேன், காலைப் பார்ப்பேன். நடந்து வருகிறவனின் அளவை, அவன் வந்து உட்காருவதற்குள் சொல்லிவிடுவேன். இந்த ஊரில் அதற்குப் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு கேட்லாக் வரும். முதல் பக்கத்தில் யாராவது பனிமேல் நின்று சிரித்துக்கொண்டிருப்பான். பூட்ஸ் என்னுடையது, பனி அவனுடையது. இப்படியே பார்த்துப் பார்த்து ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. டிரம் சுற்றுகிற சத்தத்தில் வளர்ந்தவன் நான். அது ஓய்ந்தால் தையல் மிஷின், அது ஓய்ந்தால் ஹைவேயில் லாரி. எந்தச் சத்தமும் இல்லாத இடத்தில் நான் நின்றதே கிடையாது. நாற்பது வருஷமாகப் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கிறேன், கீழே மணல்தான். வெளியூர்க்காரன் எவன் வந்தாலும் அந்த மணலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான், நான்தான் ஆற்றைக் குடித்துவிட்டேன் என்பதுபோல. ஒரு ஆறு யாரும் கைவைக்காத இடத்திலிருந்து கிளம்புவதை ஒருதரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். சாமி கும்பிடப் போகவில்லை, போட்டோ பிடிக்கவும் போகவில்லை.

கூட்டம் போகிற பனியாறு எனக்கு வேண்டாம். எங்கள் சரக்கைச் சோதிக்க வருகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர்தான் இந்த இடத்தைச் சொன்னார், கழுதைக்காரன் நம்பரையும் கொடுத்தார். இடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே அங்கே டீக்கடை வைத்துவிடுவார்கள். கழுதைக்காரனைக் கூப்பிடுவதற்கு முன்னால் டெல்லியில் ஒரு மலைப்பயணக் கம்பெனிக்கும் போன் செய்தேன். அங்கே பேசிய பொண்ணு என் வயதைக் கேட்டதுமே குரலை மாற்றிக்கொண்டது. "சார், உங்க ஏஜுக்கு ஸ்னோ பாயின்ட் இருக்கு. ஜீப் பக்கத்துலயே போய் நிக்கும்." ஜீப் பக்கத்தில் போய் நிற்பதற்கு நான் எதற்கு? ஜீப் போனால் போதாதா?

போனை வைத்துவிட்டுக் கழுதைக்காரனிடம் நேராகப் பேசினேன். தோல் ஷாப்பில் கற்ற உருதுதான் என் இந்தி. அதைக் கேட்டு அவன் முதலில் சிரித்தான். பிறகு பழகிக்கொண்டான். மழைக்கு முன்னால் வருவதா, பின்னால் வருவதா, டென்ட் அவனுடையதா எங்களுடையதா, எந்த ஓடையை எந்த நேரத்தில் தாண்டுவது என்று வாரக்கணக்கில் பேசினோம். மழைக்கு முன்னால் என்று முடிவானது. அவன் மேட்டில் நின்று பேசுவான், நான் கம்பெனி மொட்டைமாடியில் நின்று பேசுவேன்.

துணைக்கு பாய். மேல்விஷாரத்தில் தோலுக்குப் போடும் சாயமும் கெமிக்கலும் விற்கிறவர். என் வயதுதான். சர்க்கரை, தொப்பை, மூச்சிரைப்பு எல்லாம் உண்டு.

"அங்க சாப்பாடு இன்னா?" என்றார்.

"சோறு, பருப்பு, ரொட்டி."

"அவ்ளோதானா? அதுக்கு நான் ஆஸ்பத்திரில போய் படுத்துக்கலாமே."

ஆனால் வருகிறேன் என்று சொன்னார். சொன்னால் வருகிற மனுஷன்.

என் மனைவி ரிட்டயரான நர்ஸ். "வேளாங்கண்ணிக்கு வாங்கன்னா முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்க. ஐஸ் மேல நடந்தா மட்டும் வலிக்காதா?"

"அங்க கூட்டத்துல தள்ளுவான். இங்க தள்றதுக்கு ஆளே கெடயாது."

"தள்ள ஆளில்லன்னா தூக்கவும் ஆளில்ல" என்றாள். விடாமல் வேலூருக்கு இழுத்துப்போய் இதயத்தைச் சோதிக்கவைத்தாள். ஓடுகிற பட்டை மேல் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, போகலாம் என்று டாக்டர் சொன்னார். விடிகாலையில் பழக்கத்துக்காக முதுகுப்பையில் கனத்துக்குத் தோல் கட்டைத் திணித்துக்கொண்டு நான் பாலாற்று மணலில் நடக்கப் போகும்போது, அவளே ஒரு பாட்டில் தண்ணீரும் சேர்த்து வைத்தாள்.

இப்போது பூட்ஸ் விஷயம். எங்கள் கம்பெனியில் சாம்பிள் ரூம் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுவதற்குப் புது மாடல்களை அங்கேதான் தைப்போம். அந்த ரூம் மாஸ்டரிடம் சொன்னேன்: "இருக்கிறதுலயே நல்ல தோல்ல ரெண்டு ஜோடி போடு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு பாய்க்கு." சரி சார் என்றார். அவர் அளவு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியாட்களுக்கு இது விநோதமாக இருக்கும். எங்களுக்கு இல்லை. சாம்பிள் என்றால் ஆணுக்கு ஒரே அளவுதான், நாற்பத்திரண்டு. காலின் வடிவத்தில் இருக்கிற பிளாஸ்டிக் கட்டையை லாஸ்ட் என்போம். அதன்மேல் தோலை இழுத்துத்தான் ஷூ செய்வது. சாம்பிள் ரூமில் நாற்பத்திரண்டு லாஸ்ட் மட்டும்தான் அடுக்கியிருக்கும். வெளிநாட்டுக்காரன் பார்த்துவிட்டு ஒதுக்கிய ஜோடிகள் ரேக் நிறையக் கிடக்கும். முதலாளி, மேனேஜர், மச்சான், மாப்பிள்ளை, எல்லோர் காலிலும் அதுதான். எங்கள் பக்கம் ஷூ கம்பெனிக்காரன் வீட்டில் யாரும் கடையில் ஷூ வாங்கிப் பார்த்திருக்கமாட்டீர்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனால் பையன் கால் நாற்பத்திரண்டா என்று கேலியாகக் கேட்பார்கள். நானும் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து நாற்பத்திரண்டுதான்.

இரண்டு ஜோடியும் வந்தன. என் ஆட்கள் தைத்தது, பிசிறு இல்லை. போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஏலகிரிக்குக் கிளம்பினோம். பஸ் போகிற வளைவு ரோடு இல்லை, பழைய ஒற்றையடிப் பாதை. நாட்றம்பள்ளி ரோட்டில் டீ குடித்துவிட்டு அடிவாரத்தில் காரை விட்டோம்.

ஏறும்போது என்னைப் பிடிக்க முடியவில்லை. பாய் ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். நான் மேலே போய்ப் பாறையில் உட்கார்ந்து, அவர் வருகிற அழகைப் பார்த்து, வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன்.

இறங்கும்போதுதான் கதை மாறியது. இறக்கத்தில் கால் முன்னால் சரிகிறது. அடிக்கு அடி கட்டைவிரல் போய்த் தோலில் முட்டுகிறது. பாதி வழியில் நான் பக்கவாட்டாக நடந்தேன். அப்புறம் பின்பக்கமாக நடந்தேன். பாய் பையிலிருந்து வேர்க்கடலையைத் தின்றுகொண்டே என்னைத் தாண்டிப் போனார்.

"இன்னா தோஸ்த், மேல போகும்போது எக்ஸ்பிரஸ் மாரி போன. எறங்கும்போது அரக்கோணத்துல சிக்னல் கெடைக்காத மாரி நிக்கிறியே."

"வழிய பாத்து நட பாய்."

"நான் பாத்துதான் நடக்கிறேன். நீதான் ஆகாசத்த பாத்து நடக்கிற, பின்னாடியே."

வீட்டுக்கு வந்து கழற்றினால் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தன. சுண்டுவிரல் தோல் உரிந்து போயிருந்தது. மனைவி மருந்து வைத்துக் கட்டினாள். யாரிடமும் சொல்லாதே என்றேன். "நான் சொல்லமாட்டேன், உங்க நடையே சொல்லும்" என்றாள்.

என்னைச் சுட்டது வலி இல்லை. சர்க்கரைக்காரர், தொப்பைக்காரர், அதே ரூமில் தைத்த அதே பூட்ஸைப் போட்டு வேர்க்கடலை தின்றுகொண்டே இறங்குகிறார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வளர்ந்த என் கால் தோற்கிறது. இதற்கு ஒரே அர்த்தம்தானே இருக்க முடியும்? அந்த அர்த்தத்தை நான் யோசிக்க விரும்பவில்லை. எனக்குப் பதிலாக என் மகன் யோசித்தான்.

இனி நான் ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன். கழுதைக்காரன் போனை வைத்ததும் நேராக உள்ளே போனேன்.

"பா, உக்காரு" என்றான் மகன்.

"நான் நின்னுகினே பேசறேன். என் ட்ரிப்ப கேன்சல் பண்ண நீ யாரு?"

"நகம் கறுத்துப்போச்சு பா. ஏலகிரிக்கே இப்படின்னா அங்க இன்னா ஆவும்?"

"உங்கம்மா சொன்னாளா?"

"அம்மா வாயே தொறக்கல. நீ தெனமும் கம்பெனிக்கு ரப்பர் செருப்புல வர்ற. எனக்குக் கண்ணு இல்லயா? பாய் மாமாவே நல்லா எறங்கினாராமே. ஹார்ட் நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். காலுக்கு வயசாய்டுச்சு பா."

வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். ஏதோ ஓட்டல். ஹீட்டர் போட்ட ரூம், சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி. "அம்மாவும் நீயும் போய்ட்டு வாங்க. கட்டில்ல படுத்துகினே பாக்கலாம்."

கேட்லாக்கில் பார்த்தது போதாது, இனிமேல் கண்ணாடியில் பார்க்க வேண்டுமாம். அவன் மேஜையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு தள்ளு தள்ளியிருப்பேன். அந்த மேஜை நான் வாங்கியது என்பதால் விட்டேன்.

அங்கிருந்து சாம்பிள் ரூமுக்குப் போனேன். பூட்ஸ் என் கார் டிக்கியில் இருந்தது, எடுத்துவந்து மாஸ்டர் மேஜையில் போட்டேன்.

"எவன் தச்சான் இத?"

"நம்ம ஆளுங்கதான் சார். பாய்க்குப் போட்டதும் இதேதான்."

"பொய். எங்கயோ தையல் உள்ள ஏறியிருக்கு. இல்லன்னா தோல் சுருங்கியிருக்கு. கத்திய குடு."

ஒரு காலத்தில் இதே ரூமில் நான் வெட்டியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வெட்டக் கற்றார்கள். ஓரத்தோடு கத்தியைவிட்டு மேல்தோலை ஒரே இழுப்பில் பிரித்தேன். தையலைத் தடவினேன், சுத்தம். தோலை மடக்கினேன், சுத்தம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் உள்ளே காலுக்கு அடியில் இருக்கிற மெத்தைத் தகட்டைப் பிடுங்கி எறியப் போனேன். வெளிச்சத்தில் அது என் கண்ணில் பட்டது.

அதில் என் கால் வியர்வையில் பதிந்திருந்தது. குதிகால் இருந்தது. பெருவிரல் விளிம்பில் வந்து மடங்கியிருந்தது. சுண்டுவிரல் இல்லை. சுண்டுவிரலுக்கு அந்தத் தகட்டில் இடமே இல்லை.

தகட்டைத் தரையில் போட்டு, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நின்றேன். முன்னால் விரல்கள் வெளியே நின்றன. பக்கத்தில் பாதம் வழிந்தது. ரூமில் மிஷின் ஒவ்வொன்றாக நின்றது. எல்லோரும் என் காலையே பார்த்தார்கள்.

"அள" என்றேன் மாஸ்டரிடம்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். லாஸ்டை அளக்க, தோலின் கனத்தை அளக்க, தையலின் இடைவெளியை அளக்க, எல்லாவற்றுக்கும் அங்கே கருவி இருக்கிறது. காலை அளக்க ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கட்டடத்துக்குள் யாரும் யாருடைய காலையும் அளந்ததில்லை. கடைசியில் ஒரு அட்டையைத் தரையில் போட்டு, பென்சிலால் சுற்றி வரைந்து, டேப்பை வைத்துப் பார்த்தார்.

"நாப்பத்திநாலு வருது சார். அகலம் நம்மகிட்ட இருக்கிற எந்த லாஸ்ட்டுக்கும் அடங்காது. சின்ன வயசுல வெறுங்கால்ல நடந்த காலு."

ஊர்க்கால் அத்தனையும் கண்ணாலேயே அளந்த நான், குனிந்து என் காலைப் பார்க்கவில்லை. பாய்க்கு அசல் நாற்பத்திரண்டு கால், அதனால்தான் கடலை தின்றுகொண்டே இறங்கினார். ஷூ கடித்தால் புதுத் தோல் அப்படித்தான் என்பேன். இறக்கத்தில் நடந்தால்தான் உண்மை தெரியும், ஆம்பூரில் ஏது இறக்கம்? ஜெர்மனிக்காரன் ஒரு அளவைச் சொன்னான். நாங்கள் எல்லோரும் அதற்குள் எங்கள் காலைத் திணித்துக்கொண்டோம், அதுவும் இலவசம் என்று பெருமையோடு.

மகன் வாசலில் வந்து நின்றான். சென்னையில் ஷூ படிப்பு, வெளிநாட்டில் மேல்படிப்பு. எல்லாம் நான் படிக்கவைத்தது. அட்டையைத் தூக்கி அவன் முன்னால் பிடித்தேன்.

"காலுக்கு வயசாய்டுச்சுன்னு சொன்னியே. இந்தா, பாத்துக்கோ. ஷூவ பத்தி அவ்ளோ படிச்ச, அப்பன் காலு இன்னா சைஸுன்னு ஒரு நாளாவது பாத்தியா?"

"நீயே பாக்கலயே பா."

"நான் படிக்காதவன்."

அவன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சைஸ் தப்பு, சரி. அதுக்காக வயசு தப்புன்னு ஆய்டுமா? அந்த மலைல எறங்குவேன்னு எத வச்சு சொல்ற?"

"ஏலகிரிய வச்சு சொல்றேன். புது பூட்ஸ் போட்டு எறங்கறேன். நீயும் வா, கூட இருந்து பாரு. நான் ஒழுங்கா எறங்கினா, எந்த வாயால வரமாட்டாருன்னு சொன்னியோ அதே வாயால வர்றாருன்னு சொல்லணும்."

"சரி" என்றான். நானும் விடவில்லை. "உன் காலையும் அளக்கச் சொல்லு" என்றேன்.

"எனக்கு சரியாதான் இருக்கு" என்றான், காலில் சாம்பிள் ஜோடியோடு.

மாஸ்டர் நாற்பத்திநாலு லாஸ்ட் ஒன்றை வரவழைத்து, அதன்மேல் பக்கவாட்டில் தோல் துண்டுகளை ஒட்டி ஒட்டி என் காலுக்கு ஏற்ற பருமனுக்குக் கொண்டுவந்தார். அதன்மேல் புது பூட்ஸ். முதல்முறை போட்டபோது ஷூ பெரிதாக இருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். விரல்கள் உள்ளே தனித்தனியாக அசைவது எனக்குப் புதிது. நகம் ஆறும்வரை மணலில் நடந்து பூட்ஸைப் பழக்கினேன். அதற்குள் மழைக்கு முந்தின பருவம் கைவிட்டுப் போய்விட்டது. அதற்கும் மகனைத்தான் திட்டினேன்.

மறுபடியும் ஏலகிரி. நான், மகன், பாய். பாய் வர வேண்டிய அவசியமே இல்லை. "சண்ட நடக்கும்போது பாக்க ஆள் வேணாமா?" என்று வந்துவிட்டார். ஏற்றத்தில் இந்த முறை நான் ஓடவில்லை. மகன் ஓடினான். மேலே போய்ப் பாறையில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தான். நான் அவன் காலில் இருந்த சாம்பிள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டேன்.

இறங்கினேன். குதிகால் வைத்து, முட்டியை மடக்கி, நேராக இறங்கினேன். விரல் எங்கேயும் முட்டவில்லை. மண் சரிந்த இடத்தில் ஒருதரம் வழுக்கியது, கையிலிருந்த கோலை ஊன்றி நின்றேன். அடிவாரத்தில் கார் பக்கத்தில் வந்து நின்று திரும்பிப் பார்த்தால் பின்னால் பாய் மட்டும்தான் வந்தார்.

"உன் புள்ள வர்றான். மெதுவா வர்றான்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நாங்கள் கொண்டுவந்த டீ ஆறும்வரை அவன் வரவில்லை. வந்தபோது பக்கவாட்டாக வந்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். கையில் இரண்டு பூட்ஸும் கயிற்றில் தொங்கின, கால் வெறுங்கால். காருக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து விரல்களைத் தடவினான். நான் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். அகலம் என் அளவுக்கு இல்லை. நீளம் நாற்பத்திமூன்றுக்குக் குறையாது.

"இன்னாடா, காலுக்கு வயசாய்டுச்சா?" என்றேன்.

பாய் சிரிப்பை மறைக்க மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"போன் போடு" என்றேன். "இங்கயேவா?" என்றான். "இங்கயேதான்" என்றேன். போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போடச் சொன்னேன். மேட்டில் ஏறுகிறவரைக்கும் அடிக்கட்டும் என்றேன். கடைசியில் எடுத்தான். மகன் ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம், நடுவில் கழுதைக்காரன் குரல்: "அங்கிள்ஜி உடம்பு எப்படி இருக்கு?"

மகன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவருக்கு நல்லா இருக்கு. வர்றாரு."

"அப்போ மழை விட்டதும் வரச் சொல்லுங்க. புல் காய்கிற நேரம். ஓடையில தண்ணி கம்மியா இருக்கும். நீங்களும் வர்றீங்களா?"

மகன் என்னைப் பார்த்தான். நான் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அவனோடு எனக்கு இன்னும் பேச்சு சரியாக இல்லை. கழுதைக்காரனிடமும் தீர்க்க வேண்டிய பாக்கி ஒன்று இருந்தது. நான் போய்ச் சேரும்வரை கழுதைகளுக்கு நல்ல தீனி போடு என்றேன். "இன்னொண்ணு கேட்டுக்கோ. யாரு போன் பண்ணி நான் வரமாட்டேன்னு சொன்னாலும் நம்பாத. என் புள்ளயா இருந்தாலும் சரி, என் பொண்டாட்டியா இருந்தாலும் சரி. என் வாயால கேட்டாத்தான் நம்பணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அங்கிள்ஜி" என்றான். அவன் சொன்ன பிறகும் காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்குப் பின்னால் டிரம், மிஷின், லாரி, ஒரு சத்தமும் இல்லை. நான் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.